அரிசி, கோதுமை, கம்பு: வயலிலேயே தொடங்கிவிடும் பூஞ்சண நஞ்சு

1988 அக்டோபர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 7ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் இடையில் அங்கே 13 பிள்ளைகள் இறந்துபோனார்கள். மிகச் சிறிய பிள்ளைக்கு இரண்டரை வயது, மூத்த பிள்ளைக்கு 11 வயது. முதலில் வாந்தி, பிறகு வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு, நினைவிழப்பு. எல்லாம் சில மணி நேரங்களில், சில நாள்களில் முடிந்துவிட்டது. வீடுகள் ஆறு ஊர்களில் சிதறிக் கிடந்தன. விசாரித்தபோது எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று அகப்பட்டது. கம்பாரில் ஒரு தொழிற்சாலையில் செய்து, வேனில் ஊர் ஊராகப் போன ‘லோ ஷி ஃபன்’. சிங்கப்பூரில் நாம் ‘மீ தை மாக்’ என்று சொல்லிச் சாப்பிடுகிறோமே, அதே குட்டையான அரிசி மாவு நூடல்ஸ். இறந்த பிள்ளைகளின் உடல் மாதிரிகளில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்தது உறுதியானது.

கம்பார் இங்கிருந்து ஒரு பகல் கார்ப் பயணத் தொலைவுதான். ஆனாலும் இந்தச் செய்தி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. பூஞ்சணம் பிடித்த ரொட்டியைத் தூக்கிப் போட எல்லாருக்கும் தெரியும். பூஞ்சணமே கண்ணில் படாத வெள்ளை மாவிலும், பளிச்சென்ற நூடல்ஸிலும் நஞ்சு இருக்க முடியும் என்பதுதான் நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: தானியத்தின் பூஞ்சண நஞ்சு நம் சமையலறையில் உருவாவது குறைவு, அதை அங்கே போக்குவதும் முடியாது. கதிர் பூக்கும் வாரத்திலும், அறுவடை முடிந்த அடுத்த சில நாள்களிலும் அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நெல்லும் கோதுமையும் பயிரிடாத சிங்கப்பூருக்கு, எங்கோ ஒரு விவசாயியின் களத்தில் வெயில் அடித்ததா, மழை பெய்ததா என்பது உடல்நலம் சார்ந்த விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பூஞ்சணம் ஓர் உயிர். நஞ்சு, அந்த உயிர் சுரக்கும் வேதிப்பொருள். உயிரைச் சூட்டில் கொன்றுவிடலாம். நஞ்சுக்கு உயிர் இல்லை, அதனால் அது சாவதில்லை. சோறு கொதிப்பது 100 பாகையில். அஃப்ளடாக்சின் முழுக்கச் சிதைய 200 பாகைக்கு மேல் வேண்டும். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் ஓரளவு குறையலாம், போய்விடாது. வறுத்தாலும், சுட்டாலும், மாவாக அரைத்தாலும் அதே கதைதான். அரைப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு: கறுத்த மணியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறியும் வாய்ப்பும் போய்விடும்.

எல்லாப் பூஞ்சணமும் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். ஈரச்சந்தையில் வாழை இலையில் மடித்து விற்கும் டெம்பே, பூஞ்சணத்தால் ஆன உணவு. சோயா சாஸும் அப்படித்தான். அதை நொதிக்க வைக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணம், அஃப்ளடாக்சின் சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸின் மிக நெருங்கிய உறவு. நூற்றாண்டுகளாக மனிதர்கள் வளர்த்துப் பழக்கியதில் நஞ்சு சுரக்கும் திறனை இழந்துவிட்ட கிளை அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, எந்தப் பூஞ்சணம், எந்தத் தானியத்தில், எந்த நிலையில் என்பதுதான் கேள்வி.

வான்கோழிகள் சொல்லிக்கொடுத்தது

அஃப்ளடாக்சின் மனிதருக்குத் தெரியவந்ததே 1960இல்தான். இங்கிலாந்தில் சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். தொற்றுநோய் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதிலிருந்த நஞ்சுகள் புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தன. இன்றும் அவற்றை பி1, பி2, ஜி1, ஜி2 என்று அந்த நிறங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தை வைத்தே குறிக்கிறோம். நான்கில் கொடியது பி1.

மனிதர்களை அது என்ன செய்யும் என்பதை இந்தியா பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1974 பிற்பகுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்ச்மஹாலிலும் 200க்கும் மேற்பட்ட பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோப்பதும் பரவின. 397 பேர் நோயுற்றார்கள், 106 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்திருந்தது. அதைச் சரியாக உலர்த்தாமல் சேமித்து, அதையே தினமும் ரொட்டியாகத் தட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். வேறு உணவுக்கு வழியில்லை. அந்த வீடுகளில் அதே ரொட்டியைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அந்த மக்காச்சோளத்தைச் சோதித்தபோது கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின். இன்று இந்தியா தானியங்களுக்கு அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, மிக மோசமான மாதிரியில் வரம்பைப் போல ஆயிரம் மடங்கு.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே கதை, இதே மக்காச்சோளம். 317 பேருக்கு நோய், 125 பேர் மரணம். இரண்டு இடத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் விளைவித்ததையே உண்ணும் ஏழை உழவர்கள். நஞ்சேறிய மூட்டையைத் தள்ளிவிட்டு வேறொன்றைப் பிரிக்கும் வசதி இருந்திருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். பூஞ்சண நஞ்சைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். பரிசோதனைக் கூடங்களும் வரம்புகளும் ஏற்றுமதிச் சரக்கைத்தான் காக்கின்றன. சோதனையில் தோற்ற சரக்கு பல நேரங்களில் விளைந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது.

இப்படிக் கூட்டமாக மரணம் நடப்பது அரிது. அரிதல்லாதது, கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் உள்ளே போவது. பி1 கல்லீரலுக்குப் போனதும், நச்சுப் பொருளை உடைத்து வெளியேற்ற வேண்டிய நொதிகளே அதை இன்னும் மூர்க்கமான வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அந்த வடிவம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவில், 249ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிழையை அது விட்டுச்செல்லும். அஃப்ளடாக்சின் மிகுந்த பகுதிகளின் கல்லீரல் புற்றுக் கட்டிகளில் இந்தப் பிழை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் அஃப்ளடாக்சினை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள்களில், வைத்திருக்கிறது.

கல்லீரல் அழற்சி பி கிருமி உடலில் ஏற்கெனவே இருந்தால் நிலைமை பல மடங்கு மோசம். அஃப்ளடாக்சினின் வீரியம் கிருமி இல்லாதவர்களிடம் இருப்பதைப் போல 30 மடங்கு வரை ஏறும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு ஏற்ற கணக்கு. சிங்கப்பூர் 1985இல் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்த ஊசி கிருமிக்கு எதிரானது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சரிதான். ஆனால் பூஞ்சண நஞ்சின் பாதித் துணையை அகற்றியதும் அதே ஊசிதான். மறுபக்கம், நஞ்சை உணவிலிருந்து அகற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் சிடோங் வட்டாரம் சாட்சி. 1980களில் அங்கே மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்ந்து வருவதற்கு முன்பே கல்லீரல் புற்று மரணங்கள் இறங்கத் தொடங்கின.

கோதுமை, கம்பு, பிறகு நெற்பழம்

அரிசியையும் மக்காச்சோளத்தையும் விட்டுக் கோதுமைக்கு வந்தால் நஞ்சு வேறு, வழியும் வேறு. ஆஸ்பர்ஜில்லஸுக்கு வெப்பமும் வறட்சியும் பிடிக்கும். கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபுசேரியத்துக்கு மழை வேண்டும். முந்தைய பயிரின் தாளில் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. கோதுமை பூக்கும் அந்தச் சில நாள்களில் மழைத்துளி தெறித்தாலோ, ஈரக் காற்று வீசினாலோ வித்துகள் பூவில் போய் உட்கார்ந்துவிடும். கதிர் பாதி பச்சையாக இருக்கும்போதே மறுபாதி வெளுத்துப் போகும். உள்ளே மணி சுருங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ நிற்கும். போன பருவத்தில் மக்காச்சோளம் போட்ட நிலத்தில், உழாமல் அப்படியே கோதுமை விதைத்தால் ஆபத்து கூடும். மண்ணைக் காக்க நல்லது என்று பரிந்துரைக்கப்படும் உழவில்லா விவசாயம் இங்கே எதிராகத் திரும்புகிறது. இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க எளிய வழி இல்லை.

ஃபுசேரியம் விடும் நஞ்சுகளில் முக்கியமானது டியாக்சிநிவாலெனால். வாயில் நுழையாத பெயர். அமெரிக்க விவசாயிகள் அதை ‘வாந்தி நஞ்சு’ என்றே சொல்கிறார்கள். பன்றிகள் அது கலந்த தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். 1987இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்த கோதுமையில் சுட்ட ரொட்டியைத் தின்ற ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுவலியும் தொண்டை எரிச்சலும் வந்ததற்கு இந்தக் குடும்பத்து நஞ்சுகளே காரணம். இதே குடும்பத்தின் கொடிய உறுப்பினர் டி-2. 1940களில் சோவியத் ஒன்றியத்தின் ஒரென்பர்க் வட்டாரத்தில், போரினால் அறுக்க ஆளில்லாமல் பனிக்கடியில் கிடந்த தானியத்தை வசந்தத்தில் பொறுக்கித் தின்றவர்களின் எலும்பு மஜ்ஜையை அது அழித்தது. பசிக்குப் பயந்து உண்டதே எமனாகிவிட்டது.

சிங்கப்பூரின் பரோட்டாவும் மீயும் ரொட்டியும் இறக்குமதிக் கோதுமையில்தான் உருவாகின்றன. பெரும்பகுதி ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஏற்றுமதிக் கோதுமையைத் தரம் பிரிக்கும்போதே ஃபுசேரியம் தாக்கிய மணிகளைக் கணக்கெடுக்கும் முறை கனடாவில் உண்டு. உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், மூலக் கோதுமைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம், மாவுக்கு 1, குழந்தைகளின் தானிய உணவுக்கு 0.2 என்று இந்த நஞ்சுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு படிப்படியாக இறங்குவதற்குக் காரணம் உண்டு. நஞ்சு தவிட்டில் அதிகம் தங்கும், அரைத்துச் சலிக்கும்போது ஒரு பங்கு தவிட்டோடு போய்விடும். அதனால் ஒரே கோதுமையில் மைதாவைவிட ஆட்டாவில் நஞ்சு சற்றுக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் ஆட்டாவை நிறுத்திவிட வேண்டாம். நார்ச்சத்தின் பயன் உறுதியானது, வரம்புக்குள் இருக்கும் மாவினால் வரும் ஆபத்து மிகச் சிறியது. இன்னொரு விஷயம், இந்த நஞ்சு நீரில் கரையும். நிறையத் தண்ணீரில் மீயை வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி தண்ணீரோடு போகும். ரொட்டியில் அப்படி வெளியேற வழியில்லை.

கம்புக்கு வருவோம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இப்போது சிறுதானியம் இல்லாத மளிகைக் கடை இல்லை. கம்பு தோசை, சோள ரொட்டி என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பேச்சு. நல்ல மாற்றம்தான். கம்புக்கென்று ஒரு பழைய நோய் உண்டு. தமிழ்நாட்டு விவசாயிகள் அதைத் தேனொழுகல் நோய் என்பார்கள். பூக்கும் கதிரிலிருந்து இளஞ்சிவப்பாய், பிசுபிசுவென்று ஒரு திரவம் வடியும். எறும்பும் ஈயும் அதைத் தேடி வந்து, அடுத்த கதிருக்குக் கொண்டுபோகும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, கெட்டியாக, எலி எச்சம்போல் ஒரு கட்டி வளரும். நஞ்சு அதில்தான்.

இதே குடும்பத்துப் பூஞ்சணம் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் வந்து இடைக்கால ஐரோப்பாவைச் சூறையாடியது. கைகால் விரல்கள் நெருப்பில் இட்டதுபோல் எரிந்து, கறுத்து, உதிர்ந்து விழுந்தன. புனித அந்தோணியாரின் நெருப்பு என்று அதற்குப் பெயர். அந்த நோயாளிகளைப் பராமரிப்பதற்கென்றே ஒரு துறவியர் சபை உருவானது. கம்பில் வரும் பூஞ்சணம் வேறு இனம், அதன் நஞ்சும் வேறு. 1950களிலும் 1970களிலும் மேற்கு இந்தியாவில் அதைத் தின்றவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், ஓயாத தூக்கம் வந்தது. விரல்கள் உதிரவில்லை. தீர்வு வியக்க வைக்கும் அளவுக்கு எளிது: பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டினால் கறுப்புக் கட்டிகள் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். வேளாண் பல்கலைக்கழகம் விதைநேர்த்திக்குச் சொல்லும் முறை இது. வீட்டில் கம்பு கழுவும்போதும் மிதப்பதை நீக்கிவிடுவது நம் பாட்டிமார் வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

நெல்லில் வரும் ஒரு நோயைப் பற்றிச் சொல்ல எனக்குத் தனி ஆசை, அது உலகுக்கு அறிமுகமானதே நம் மண்ணிலிருந்து. 1878இல் குக் என்ற பூஞ்சணவியலாளர் திருநெல்வேலி நெல்லிலிருந்து வந்த மாதிரியை வைத்து அதை முதலில் விவரித்தார். கதிரில் ஆங்காங்கே சில மணிகள் மட்டும் மஞ்சளும் பச்சையுமாகப் பந்துபோல் உப்பி நிற்கும். அதனால் நெற்பழம். நல்ல விளைச்சல் ஆண்டில்தான் அது தலைகாட்டும் என்பதால் லட்சுமி நோய் என்றும் சொன்னார்கள், வயலுக்கு மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று மகிழ்ந்தார்கள். நம்பிக்கையில் ஓர் உண்மை இருக்கிறது. வளமான உரமும், பூக்கும் பருவத்தில் ஈரமும் இருந்தால் விளைச்சலும் ஏறும், பூஞ்சணமும் ஏறும். அந்தப் பந்துகளில் உஸ்டிலாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. செல்கள் பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் தடுக்கும். வீரிய ரகங்களும் தழைச்சத்தும் பெருகிய பிறகு, முன்பு அபூர்வமாக இருந்த நெற்பழம் ஆசியா முழுக்கப் பெரும் நோயாகிவிட்டது.

ஈரம் 14 விழுக்காடு

இவ்வளவுக்கும் நடுவே அரிசி மக்காச்சோளத்தைவிடவும் நிலக்கடலையைவிடவும் பாதுகாப்பானது. உமி ஒரு கவசம். அது போனாலும், நஞ்சின் பெரும்பங்கு தவிட்டோடு நீங்கிவிடும். அரிசியை உண்மையில் கெடுப்பது அறுவடைக்குப் பிந்திய ஈரம். வயலிலிருந்து வரும் நெல்லில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். அதை 14க்குக் கீழே விரைவாக இறக்கினால் பூஞ்சணத்துக்குக் குடிக்க நீர் இருக்காது. இறக்காவிட்டால் மூட்டை உள்ளுக்குள்ளேயே சூடேறி, மணி பழுத்து, பூஞ்சணம் வித்திட ஆரம்பிக்கும்.

காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு ஈரம் வரை வாங்குவது விதி. மழை பிடித்துக்கொண்டால் விவசாயி என்ன செய்வார்? தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பார், தார்ப்பாய் போட்டு மூடுவார், 22 விழுக்காடு வரை வாங்குங்கள் என்று அரசிடம் கேட்பார். ஒன்றிய அரசு சில ஆண்டுகளில் விதியைத் தளர்த்தியதும் உண்டு. அவர் நிலையில் அது நியாயமான கோரிக்கை. ஆனால் தளர்த்தப்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டு ஈரத்தையும் உடனே உலர்த்த யாராவது இயந்திரம் வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பூஞ்சண நஞ்சுக்கு எதிராகப் போடும் முதலீடுகளில் ஊருக்கு ஓர் உலர்த்தும் இயந்திரத்தை மிஞ்ச வேறெதுவும் இல்லை. ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கத்தான் செய்யும், உலர்த்தி வராமலே தடுக்கும். புழுங்கல் அரிசிக்கு இது இன்னும் பொருந்தும். ஊறவைத்து அவித்த நெல்லை இரண்டாம் முறையும் உலர்த்த வேண்டும், அங்கே தாமதித்தால் பூஞ்சணத்துக்கு இரண்டாவது வாய்ப்பு.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அரிசிக்கென்றே ஒரு கையிருப்புத் திட்டம் இருக்கிறது. வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் ஆகியவற்றை இறக்குமதி செய்யும் வணிகர்கள் ஒரு பங்கை அரசு குறித்த கிடங்கில் இருப்பு வைத்தாக வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது தேக்காவில் பொன்னி மூட்டைக்கு ஓடியவர்களுக்கு இந்தத் திட்டத்தின் அருமை தெரியும். நீண்ட நாள் கையிருப்பு என்றாலே ஈரமும் பூச்சியும் பூஞ்சணமும் கூடவே வரும் என்பதால் சரக்கைச் சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

துறைமுகத்தைத் தாண்டி வரும் உணவுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு பொறுப்பு. அஃப்ளடாக்சினுக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, பச்சிளம் குழந்தை உணவுக்குத் தனியாக, இன்னும் கடுமையான வரம்பு. பூஞ்சண நஞ்சுப் பரிசோதனையில் ஆசியான் நாடுகளுக்கெல்லாம் மேற்கோள் ஆய்வகமாகச் செயல்பட்டதும் சிங்கப்பூர் ஆய்வகம்தான். திறமைக்குக் குறைவில்லை. சிக்கல் வேறிடத்தில். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம், பூஞ்சண நஞ்சில் அந்தக் கணக்கு செல்லாது. ஆயிரம் மணிகளில் ஒன்றிரண்டில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும், பக்கத்து மணி சுத்தமாக இருக்கும். ஒரே கொள்கலனில் எடுத்த இரண்டு மாதிரிகள் இரண்டு விதமான முடிவைச் சொல்லும். அதனால்தான் ஐரோப்பிய விதிகள் பெரிய சரக்கில் நூறு இடங்களில் வரை சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அரைத்து, பிறகே சோதிக்கச் சொல்கின்றன. கருவியில் வரும் பிழையைவிட மாதிரி எடுப்பதில் வரும் பிழை பெரிது. ‘சோதித்தாயிற்று’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது, எப்படி மாதிரி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

வரம்புகளும் நாட்டுக்கு நாடு மாறும். மொத்த அஃப்ளடாக்சின் அமெரிக்காவில் 20 பிபிபி, இந்தியாவில் தானியத்துக்கு 15, ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் தானியத்துக்கு 4. நான்கு பிபிபி என்றால் ஒரு டன் தானியத்தில் 4 மில்லிகிராம். எந்த அளவிலும் ஆபத்தில்லை என்று அஃப்ளடாக்சினுக்குச் சொல்ல முடியாது. வரம்பு என்பது, உணவு கிடைக்கவும் வேண்டும், நஞ்சும் குறைய வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் செய்துகொண்ட சமரசம்.

இதற்கிடையே வானிலை மாறுகிறது. 2012இல் பால்கன் நாடுகளில் வெயிலும் வறட்சியும் மக்காச்சோளத்தைக் காய்ச்சியெடுத்தன. அஃப்ளடாக்சின் வெப்ப நாட்டுச் சங்கதி என்றிருந்த ஐரோப்பியர்கள், 2013 தொடக்கத்தில் செர்பியாவின் பாலில் அதைக் கண்டார்கள். மாடு தின்ற நஞ்சு, வேதி வடிவம் மாறி, எம்1 ஆகப் பாலில் இறங்குகிறது. நம்பிக்கை தரும் வேலையும் நடக்கிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகள், நஞ்சு சுரக்காத ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸையே சோள மணியில் பூசி, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் வயலில் தூவுகின்றன. நல்ல பூஞ்சணம் முதலில் இடம் பிடித்துக்கொள்வதால் நஞ்சுப் பூஞ்சணத்துக்கு இடமில்லாமல் போகிறது. நஞ்சு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த வயல்கள் உண்டு.

நம் சமையலறையில்

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தைச் செய்யலாம். சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வாய் திறந்து கிடக்கும் அரிசி அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும்போது ஈரம் 14ஐக் கடந்துவிடும். கப்பலில் சரியாக உலர்ந்து வந்த பொன்னியை நாமே நனைக்கிறோம் என்று அர்த்தம். விலை மலிவென்று 25 கிலோ மூட்டையை இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வாங்க வேண்டாம். வாங்கினால் இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த இட்லி மாவு, ரொட்டி, தானியம் எதையும் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். மேலே தெரிவது நுனி மட்டும், வேர்போன்ற இழைகள் உள்ளே ஓடியிருக்கும். கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள், மிச்சத்தைப் பொறுக்கிப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, முளை கறுத்தது எல்லாம் குப்பைக்கு.

எனக்கு அதிகம் கவலை தருவது சத்துமாவு. கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், நிலக்கடலை, பொட்டுக்கடலை என்று பன்னிரண்டு வகை சேர்த்து வறுத்து, லிட்டில் இந்தியா மில்லில் அரைத்து, ஆறு மாதக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கிறோம். அல்லது ஊரிலிருந்து அப்பத்தா அரைத்து அனுப்பியது பெட்டியில் வருகிறது. அன்போடு செய்த, நல்ல உணவு. ஆனால் அஃப்ளடாக்சின் அதிகம் வரும் மக்காச்சோளம், நிலக்கடலை இரண்டும் அதில் இருக்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவரைவிட அதிகம் சாப்பிடுகிறது, நாள்தோறும் அதையே சாப்பிடுகிறது. ஐரோப்பாவில் கடையில் விற்கும் குழந்தைத் தானிய உணவில் பி1 நஞ்சு 0.1 பிபிபிக்கு மேல் போகக்கூடாது. வீட்டுச் சத்துமாவை யாரும் சோதிப்பதில்லை. வறுத்ததால் நஞ்சு போய்விட்டது என்ற நினைப்பு வேண்டாம்.

அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை மாவில் மக்காச்சோளத்தைத் தவிர்த்துவிட்டு, கேழ்வரகையும் அரிசியையும் பயறையும் முதன்மையாக வையுங்கள். நிலக்கடலையை மொத்தமாக வாங்காமல் புதிதாக, அதிகம் விற்பனையாகும் கடையில் வாங்கி, தோல் நீக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரேயடியாக அரைக்காதீர்கள். அரைத்ததை முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும் மாவுக்கும் அரைத்த தேதியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.